உண்ணப்படும் கஞ்சா: அளவும் காலமும்

சித்த மருத்துவ மரபிலே மருந்தின் அளவு பெரும்பாலும் வித்துக்களையும் காய்களையும் கொண்டு குறிக்கப்படும். குன்றிமணியளவு, சுண்டைக்காயளவு, நெல்லிக்காயளவு எனக் கூறுதல் வைத்தியர் வழக்கு. அளவோடு அனுபானமும் கூறப்படும். தேனிற் குழைத்தா, நெய்யிற் குழைத்தா, வெந்நீருடனா மருந்தை உட்கொள்ளவேண்டும் என்பதும், உணவுக்கு முன்னரா பின்னரா என்பதும் நோயாளிக்குத் தெளிவாக உணர்த்தப்படும். மருந்தின் பயனை அதன் நிறை மட்டும் தீர்மானிப்பதில்லை. எதனோடு, எவ்வேளையில், எவர் உட்கொள்கின்றார் என்பனவும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன என்னும் தெளிவே இவ்வழக்கின் அடிப்படையாகும். இத்தெளிவு எத்துணை இன்றியமையாதது என்பதைக் காட்டும் பொருள்களுள் ஒன்று கஞ்சா.

கஞ்சாவைப் புகைப்பது போலவே உண்பதும் பழைமையான வழக்கமாகும். வட இந்தியாவில் அது பாங்கு என்னும் பானமாகவும், நாட்டு வைத்தியத்தில் இலேகியமாகவும் மோதகமாகவும் வழங்கிவந்துள்ளது. இலங்கையின் ஆயுள்வேத மரபிலே மதன மோதகம் என்னும் மருந்துண்டு. கஞ்சா அதன் சேர்மானங்களுள் ஒன்றாகும். அண்மைக் காலத்திலோ இப்பொருள் வேறொரு வடிவத்தில் உலகச் சந்தைக்கு வந்துள்ளது. ஐக்கிய அமெரிக்காவின் கொலறாடோ மாநிலத்தில் 2014 ஜனவரி முதலாந் திகதி கஞ்சாவின் சில்லறை விற்பனை சட்டப்படி தொடங்கியது. கனடா 2018 ஒக்டோபர் 17ஆம் திகதி கஞ்சாவைச் சட்டபூர்வமாக்கியது. அதற்குச் சரியாக ஓராண்டின் பின்னர், 2019 ஒக்டோபர் 17ஆம் திகதி, கஞ்சா கலந்த உண்பண்டங்களையும் சட்டத்தின் வரம்புக்குட் கொணர்ந்தது. சொக்கிலேற்று, பிஸ்கற்று, பழச்சுவை கொண்ட மென்மிட்டாய் ஆகிய உருவங்களில் அவை இன்று கடைகளில் விற்கப்படுகின்றன.

இலங்கையிற் கஞ்சாவை வைத்திருத்தலும் விற்றலும் தண்டனைக்குரிய குற்றங்களாகும். ஆயுள்வேத மருந்தாக்கத்தின் பொருட்டு வரையறுக்கப்பட்ட விலக்கு உண்டு. எனவே, இக்கட்டுரை எவரையும் இப்பழக்கத்துக்குத் தூண்டும் நோக்குடையதன்று. ஆயினும் ஈழத்தமிழர் பெருந்தொகையினராக வாழும் ரொறன்ரோ போன்ற நகரங்களில் இப்பண்டங்கள் சட்டப்படி கிடைக்கின்றன. அங்கு வாழும் இளைஞர் அவற்றை முதன்முறையாக உண்ணக்கூடும். அவர்தம் பெற்றோரும் சிறுபிள்ளைகளும் அறியாது உண்ணவுங் கூடும். இத்தகைய சூழலில், உண்ணப்படும் கஞ்சா உடலில் எவ்வாறு தொழிற்படுகின்றது, புதிதாக உட்கொள்பவருக்கு எவ்வளவு எல்லை, எவ்வளவு நேரம் எல்லை என்பவற்றை விளக்குதல் பயனுடைத்து. உண்ணப்படும் கஞ்சாவால் விளையும் இடர்களை நோக்குமிடத்து, அளவைப் பிழையாகக் கணித்தலோடு காலத்தைப் பிழையாகக் கணித்தலும் அவற்றுக்குக் காரணமாதலைக் காணலாம். அதனை நிறுவுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கல்கத்தாவில் ஒரு பரிசோதனை

மேனாட்டு மருத்துவம் கஞ்சாவை முறையாக ஆராயத் தொடங்கியது கல்கத்தாவிலேயாகும். கல்கத்தா மருத்துவக் கல்லூரியிற் பணியாற்றிய வில்லியம் புறூக் ஓஷோனசி என்னும் மருத்துவர் முதலில் விலங்குகளிலும், பின்னர் நோயாளரிடத்தும் அதனைச் சோதித்து, முடிவுகளை 1839ஆம் ஆண்டு வெளியிட்டார். 1838 நவம்பரில் வாதநோயாளர் மூவருக்குப் பிற்பகல் இரண்டு மணியளவில் கஞ்சாப் பிசின் ஒவ்வொரு கிறெயின் கொடுக்கப்பட்டது. ஒரு கிறெயின் ஏறத்தாழ 65 மில்லிகிராம் நிறையாகும்.

நான்கு மணிக்கு அவர்களுள் ஒருவர் மிகுதியாகப் பேசவும் பாடவும் தலைப்பட்டார்; கூடுதலான உணவு வேண்டுமெனக் கேட்டார்; தமது நோய் முற்றாக நீங்கிற்று என்றார். ஆறு மணிக்கு உறங்கினார். எட்டு மணிக்கு அவர் உணர்வற்றுக் கிடந்தார். கையை உயர்த்தி விட்டால் விட்ட நிலையிலேயே அது நின்றது. இரண்டாமவரும் அதே நிலையை அடைந்தார். மூன்றாமவரிடத்து எவ்வித மாற்றமும் காணப்படவில்லை. அவர் ஏற்கெனவே கஞ்சா புகைத்துப் பழகியவர் என்பது விசாரணையிற் புலப்பட்டது. முன்னைய இருவரும் சில மணி நேரத்துள் உணர்வு மீண்டனர்.

இப்பரிசோதனை இரண்டு உண்மைகளைக் காட்டுகின்றது. ஒரே நிறையுடைய மருந்து ஒருவரை உணர்விழக்கச் செய்தது, மற்றொருவரைத் தீண்டவுமில்லை. இது முதலாவது. இரண்டு மணிக்குக் கொடுத்த மருந்தின் முழுவலிமை எட்டு மணிக்கே வெளிப்பட்டது. இது இரண்டாவது. நான்கு மணிக்கு நோயாளியைப் பார்த்த ஒருவர் மருந்து தன் பயனை முற்றும் தந்துவிட்டதென்றே எண்ணியிருப்பார்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் கஞ்சாச் சாறு மருந்தாக வழங்கப்பட்டது. ஆயின், ஒரு புட்டியின் மருந்து பயனற்றதாயிருக்க, மற்றொரு புட்டியின் மருந்து அளவுமீறிய மயக்கத்தைத் தந்தது. அதன் செயற்படுபொருள் யாது என்பதே அறியப்படாதிருந்தமையால் அதனை அளந்து வழங்க வழியிருக்கவில்லை. நீரிற் கரையாத பொருளாதலின் ஊசிமூலம் ஏற்றவும் இயலவில்லை. இவ்வாறு மருத்துவர் கைவிட்ட நிலையில், வரி விதிப்பும் சட்டத் தடைகளும் சேர, 1942இல் ஐக்கிய அமெரிக்க மருந்து நூலிலிருந்தும் அது நீக்கப்பட்டது.

செயற்படுபொருளின் இயல்பு

கஞ்சாவின் மயக்கந்தரும் கூற்றைத் தூய நிலையிற் பிரித்து அதன் அமைப்பை 1964இல் வெளியிட்டோர் இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தைச் சேர்ந்த ரபாயெல் மெஷூலம், யெகியெல் காவோனி ஆகிய இருவராவர். அது தெத்திராஐதரோகன்னபினோல் எனப்படும், சுருக்கமாக ரி.எச்.சி. என வழங்கும். மூளைக் கலங்களில் இப்பொருள் பொருந்தும் வாங்கிகள் உண்டென்பது 1988இற் கண்டறியப்பட்டது. அவ்வாங்கிகளிற் பொருந்தும் ஒருபொருளை உடலே ஆக்குகின்றது என்பது 1992இல் வெளியாயிற்று. ஆனந்தம் என்னும் வடசொல்லைத் தழுவி அதற்கு ஆனந்தமைட்டு எனப் பெயரிடப்பட்டமை ஈண்டு நினைக்கத்தக்கது.

ரி.எச்.சி.யின் இரண்டு இயல்புகள் எமது விடயத்துக்கு முக்கியமானவை. பச்சைச் செடியில் அது பெரும்பாலும் அமில வடிவிலேயே உளது. அவ்வடிவம் மயக்கந் தருவதன்று. வெப்பமூட்டும்போது காபனீரொட்சைட்டு நீங்கி அது செயற்படும் வடிவத்தைப் பெறுகின்றது. புகைப்பவரிடத்து இம்மாற்றத்தை நெருப்பே செய்கின்றது. உணவிலோ சமையலின் வெப்பம் செய்யவேண்டும். எனவே, ஒரே செடியிலிருந்து ஆக்கிய இரு பண்டங்கள் வெப்பமூட்டிய முறையால் வலிமையில் வேறுபடலாம். மற்றையது, ரி.எச்.சி. நீரிற் கரையாது கொழுப்பிற் கரையும் என்பதாம். பாங்கு பாலிலும், இலேகியம் நெய்யிலும் ஆக்கப்பட்டமைக்கு இவ்வியல்பே பொருத்தமான விளக்கமாகும்.

புகைத்தலும் உண்ணுதலும்

புகைக்கப்படும் ரி.எச்.சி. நுரையீரலினூடாகக் குருதியைச் சேர்ந்து சில நிமிடங்களில் மூளையை அடைகின்றது. விளைவும் உடனே உணரப்படுகின்றது. ஆதலின், புகைப்பவர் போதுமென உணர்ந்த நிலையில் நிறுத்திக்கொள்ள முடிகின்றது. விளைவே அளவுகோலாக அமைந்துவிடுகின்றது.

உண்ணும்போது நிகழ்வது வேறு. பண்டம் இரைப்பையிலே தங்கிச் சமிபாடடைந்து சிறுகுடலை அடையவேண்டும். அங்கு உறிஞ்சப்பட்ட ரி.எச்.சி. வாயிலி நாளத்தின் வழியே ஈரலுக்குச் செல்கின்றது. ஈரலிலுள்ள நொதியங்கள் அதிற் பெரும்பகுதியை மாற்றிவிடுகின்றன. உண்ட அளவில் நூற்றுக்கு ஏறத்தாழ 4 முதல் 12 வீதமே மாற்றமடையாத நிலையிற் பொதுக் குருதியோட்டத்தைச் சேர்கின்றது எனக் கணிக்கப்பட்டுள்ளது. அவ்வாறாயின், உண்ணப்படும் கஞ்சா வலிமை குன்றியதாகவன்றோ இருத்தல் வேண்டும் எனும் வினா எழலாம். ஈரல் ஆக்கும் முதல் விளைபொருளான பதினோராம் ஐதரொட்சி ரி.எச்.சி. என்பதும் மயக்கந் தருவதே. அது மூளையை எளிதில் அடைவது. வலிமையில் மூலப்பொருளுக்குக் குறைந்ததன்று. புகைக்கும்போது சிறிதளவே தோன்றும் இப்பொருள், உண்ணும்போது கணிசமான அளவிற் குருதியைச் சேர்கின்றது. உண்ணப்படும் கஞ்சாவின் மயக்கம் புகையின் மயக்கத்தைவிட நீண்டதாகவும் கடியதாகவும் உணரப்படுதற்கு இது முக்கிய காரணமாகக் கூறப்படுகின்றது.

உண்டபின் விளைவு தோன்ற 30 நிமிடம் முதல் 2 மணி நேரம் வரை ஆகலாம். விளைவு உச்சத்தை அடைய 2 முதல் 4 மணி நேரம் செல்லும். மயக்கம் 12 மணி நேரம் வரை நீடிக்கலாம். சோர்வும் தெளிவின்மையும் மறுநாளும் தொடர்வதுண்டு.

உணவின் செல்வாக்கும் நோக்கற்பாலது. ஐக்கிய அமெரிக்காவில் 1985இல் அங்கீகரிக்கப்பட்ட டுரொனபினோல் என்னும் மருந்து, செயற்கையாக ஆக்கப்பட்ட ரி.எச்.சி.யை நல்லெண்ணெயிற் கரைத்து அடைத்த குளிகையாகும். கொழுப்பு மிகுந்த உணவோடு அதனை உட்கொண்டபோது உச்சம் தாமதமாயிற்று. உடல் பெற்ற மொத்த அளவோ ஏறத்தாழ மூன்று மடங்காயிற்று. அனுபானம் பற்றிய வைத்தியர் கூற்றுக்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை. ஆளுக்காள் உள்ள வேறுபாடும் சிறிதன்று. ரி.எச்.சி.யை மாற்றும் ஈரல் நொதியங்களுள் ஒன்றைப் பரம்பரையிலேயே வலுக்குறைந்த வடிவிற் பெற்றோர் உளர். அத்தகையோரின் குருதியில் அப்பொருள் மற்றையோரிலும் பல மடங்காகத் தேங்கக்கூடும். ஒருவர் தாம் எவ்வகையினர் என்பதை முதன்முறை உண்ணுமுன் அறிய வழியில்லை.

கொலறாடோ தந்த பாடம்

மேற்கூறியன யாவும் ஏட்டளவில் நின்ற உண்மைகளாகவே இருந்திருக்கலாம். கொலறாடோவின் முதலாண்டு அவற்றின் பொருளை உணர்த்திற்று. அங்கு ரி.எச்.சி. 10 மில்லிகிராம் ஒரு பரிமாறலளவு என வரையறுக்கப்பட்டிருந்தது. ஆயினும், ஒரே பிஸ்கற்றினுள் பல பரிமாறலளவுகள் அடங்கியிருக்கலாம். ஒரு பிஸ்கற்றை ஆறாகப் பிரித்து உண்ணவேண்டும் என்பது பிஸ்கற்றை உண்டு பழகிய எவருக்கும் இயல்பாகத் தோன்றாது.

2014 மார்ச் மாதத்தில் நிகழ்ந்த ஒரு மரணத்தை ஐக்கிய அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு நிலையங்கள் 2015 யூலையில் வெளியிட்ட வாராந்த அறிக்கை விவரிக்கின்றது. 19 வயதினரான ஒருவர், மொத்தம் ஏறத்தாழ 65 மில்லிகிராம் ரி.எச்.சி. கொண்ட பிஸ்கற்றில் விற்பனையாளர் கூறியவாறு ஒரு துண்டை மட்டும் உண்டார். அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழிந்தும் எதுவும் உணரப்படாமையால் எஞ்சியதனைத்தையும் உண்டார். அடுத்த இரண்டு மணி நேரத்துள் அவர் தொடர்பின்றிப் பேசவும் சினங்கொள்ளவும் தொடங்கினார். முதலாந் துண்டை உண்டு ஏறத்தாழ மூன்றரை மணி நேரத்தின் பின்னர் நான்காம் மாடியிலிருந்து வீழ்ந்து இறந்தார். அவரது உடலில் வேறு போதைப்பொருளோ மதுவோ காணப்படவில்லை.

அவர் அறிவுரையைக் கேளாதவரல்லர். முதலில் உரிய அளவையே உண்டார். தவறியது காத்திருத்தலிலாகும். ‘ஒன்றும் உணரப்படவில்லை’ என்பதற்கு ‘மருந்து வேலை செய்யவில்லை’ எனப் பொருள் கொள்ளப்பட்டது. ‘மருந்து இன்னும் வந்து சேரவில்லை’ என்பதே அதன் உண்மைப் பொருள். ஓஷோனசியின் நோயாளியிடத்து நான்கு மணிக்கும் எட்டு மணிக்கும் இடையே இருந்த இடைவெளியே 175 ஆண்டுகளின் பின்னர் ஓருயிரைக் கொண்டது எனலாம்.

இதன் பின்னர் விதிகள் திருத்தப்பட்டன. 2015 பெப்ரவரி முதல் ஒவ்வொரு 10 மில்லிகிராமும் தனியே பொதியப்படவோ, எளிதிற் பிரிக்கத்தக்கவாறு வரையறுக்கப்படவோ வேண்டுமாயிற்று. 2016 ஒக்டோபர் முதல் பண்டத்தின் மீதே எச்சரிக்கைக் குறி பொறிக்கப்பட்டது. 2017 ஒக்டோபர் முதல் விலங்கு, பழம் ஆகியவற்றின் வடிவில் ஆக்குதல் தடைசெய்யப்பட்டது. எனினும் இடர் முற்றாக நீங்கவில்லை. 2014 முதல் 2016 வரை கொலறாடோவின் பெரு மருத்துவமனை ஒன்றின் அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கஞ்சாவின் காரணமாக வந்தோரை ஆராய்ந்தபோது, அவர்களுள் 10.7 வீதத்தினர் கஞ்சாவை உண்டோராயிருந்தனர். ரி.எச்.சி.யின் நிறையாற் கணிக்கின் மாநிலத்தின் மொத்தக் கஞ்சா விற்பனையில் உண்பண்டங்களின் பங்கு 0.32 வீதமேயாகும். இவ்விரு எண்களும் ஒப்புநோக்கத்தக்கன.

மில்லிகிராமும் அதன் வரம்பும்

ரி.எச்.சி.யின் அளவு மில்லிகிராமிற் கூறப்படுகின்றது. கனடாவில் உண்பண்டப் பொதி ஒன்றில் 10 மில்லிகிராமுக்கு மேல் இருத்தலாகாது. கொலறாடோவிலோ பொதி ஒன்றில் 100 மில்லிகிராம் வரை இருக்கலாம். ஆகவே, ‘ஒரு பொதி’, ‘ஒரு துண்டு’ எனும் வழக்குகள் ஓரிடத்துக்குரிய பொருளை வேறோரிடத்திற் தருவதில்லை. ஆராய்ச்சியாளர் ஒரே அலகைக் கையாளவேண்டும் எனக் கருதி ஐக்கிய அமெரிக்கத் தேசிய போதைப்பொருட் துர்ப்பிரயோக ஆய்வு நிறுவனம் 2021இல் 5 மில்லிகிராமை நியம அலகாக வகுத்தது. இது ஆய்வுக்குரிய அலகேயன்றி, புதியவருக்குப் பரிந்துரைக்கப்படும் அளவன்று.

புதியவருக்குக் கனடாச் சுகாதாரத் திணைக்களம் கூறும் அளவு 2.5 மில்லிகிராம் அல்லது அதனிற் குறைவு என்பதாகும். மேற்கூறிய டுரொனபினோல் மருந்தினையும் பசியின்மையுடைய நோயாளருக்கு 2.5 மில்லிகிராமிலேயே தொடங்குவர். எனவே 10 மில்லிகிராம் கொண்ட மிட்டாயொன்று புதியவருக்கு ஒரு பங்கன்று, நான்கு பங்காகும்.

விற்பனைப் பொதிகளிற் குறிக்கப்படும் எண்ணும் எப்போதும் நம்பத்தக்கதாயிருந்ததில்லை. ஐக்கிய அமெரிக்காவின் மூன்று பெருநகரங்களில் மருத்துவக் கஞ்சாவாக விற்கப்பட்ட 75 உண்பண்டங்களைச் சோதித்து 2015இல் வெளியிட்ட ஆய்வொன்றில், 17 வீதமானவற்றிலேயே குறித்த அளவும் உண்மை அளவும் ஒத்திருந்தன. 23 வீதமானவை குறித்ததிலும் கூடிய ரி.எச்.சி.யைக் கொண்டிருந்தன, எஞ்சியவை குறைவாகக் கொண்டிருந்தன. குறைவாக இருத்தலும் தீங்கற்றதன்று. வலுக்குன்றிய பண்டத்தை உண்டு பழகியவர் சரியான வலுவுடைய மற்றொன்றை அதே அளவில் உண்ணும்போது ஏமாறுவர்.

வீட்டிலே செய்யப்படும் பண்டங்களைப் பற்றிக் கூறவேண்டுவதில்லை. 15 வீத ரி.எச்.சி. கொண்ட பூங்கொத்தின் ஒரு கிராமில் 150 மில்லிகிராம் உளது. அதனைக் கேக்கிற் கலந்து பத்துத் துண்டுகளாக்கினால், இழப்பெதுவுமில்லையெனின், ஒவ்வொன்றிலும் 15 மில்லிகிராம் அடங்கும். இது புதியவருக்குரிய அளவின் ஆறு மடங்கு. அப்பூ 5 வீதமுடையதா 20 வீதமுடையதா என்பது கண்ணுக்குப் புலப்படாது. நெய் முழுவதும் ஒருசீராகக் கலவாதவிடத்து ஒரு துண்டு வெறுமையாகவும் அடுத்தது இரு மடங்காகவும் அமையலாம். ஆதலின், அளவறியாத பண்டத்தைப் புதியவர் முற்றாகத் தவிர்த்தலே தகும்.

புதியவர் கடைப்பிடிக்கவேண்டியவை

சட்டம் அனுமதிக்கும் நாட்டில் வாழும் வயதுவந்த ஒருவர் இதனை உட்கொள்ள முடிவுசெய்தாராயின், இதுகாறும் கூறியவற்றிலிருந்து பின்வருவனவற்றைப் பெறலாம்.

முதலாவதாக, பொதியின் மொத்த அளவையும் துண்டின் அளவையும் தனித்தனி வாசித்தறிதல் வேண்டும். உட்கொள்வது 2.5 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது.

இரண்டாவதாக, அன்று மீண்டும் உண்ணலாகாது. ஒருவர் மாலை ஏழு மணிக்கு உண்டு, எட்டு மணிக்கு ஒன்றும் உணராது மீண்டும் உண்டாரெனக் கொள்வோம். முதலாவதன் உச்சம் ஒன்பதுக்கும் பதினொன்றுக்கும் இடையிலும், இரண்டாவதன் உச்சம் பத்துக்கும் பன்னிரண்டுக்கும் இடையிலும் வரும். இரவு பத்து மணியளவில் இரண்டும் ஒருங்கே அவரைத் தாக்கும். அந்நேரத்தில் உண்டதை மீளப்பெற வழியில்லை. அளவு போதாதெனின், மற்றொரு நாளிற் சிறிது கூட்டிப் பார்த்தலே முறை.

மூன்றாவதாக, மதுவுடனோ, புகைத்தலுடனோ, உறக்க மருந்துடனோ இதனைச் சேர்த்தலாகாது. கன்னபிடயோல் என்னும் மற்றொரு கஞ்சாக்கூறு ரி.எச்.சி.யின் மயக்கத்தைத் தணிக்கும் எனச் சிலர் நம்புவர். 2023இல் வெளியான ஓர் ஆய்வில், ரி.எச்.சி. 20 மில்லிகிராமோடு கன்னபிடயோல் 640 மில்லிகிராமை உண்டோரிடத்து மயக்கம் தணியவில்லை, கூடியது. ஈரல் நொதியங்களை அது தடுத்தமையே காரணமாகக் கூறப்பட்டது.

நான்காவதாக, கொழுப்பு மிகுந்த விருந்துணவோடு உண்ணலாகாது. வெறுவயிறும் உகந்ததன்று. இலேசான உணவே பொருந்தும்.

ஐந்தாவதாக, தமது இல்லத்திலே, தெளிந்த நிலையிலுள்ள நம்பிக்கைக்குரிய ஒருவர் உடனிருக்க உட்கொள்ளல் வேண்டும். மறுநாள் வரை வாகனம் செலுத்தலாகாது.

இவ்வளவு முன்னெச்சரிக்கையும் போதாதோர் உளர். கருவுற்றோரும் பாலூட்டுந் தாய்மாரும், இதயநோயுடையோர், தமக்கோ நெருங்கிய உறவினருக்கோ உளப்பிளவு போன்ற மனநோய் இருந்தோர், மூளை முதிர்ச்சியடையாத இளம்பருவத்தினர் ஆகியோர் இதனை முற்றாகத் தவிர்த்தல் வேண்டும். குருதி உறைதலைத் தடுக்கும் வாபரின் போன்ற மருந்தை உட்கொள்வோரிடத்து அம்மருந்தின் செயலைக் கஞ்சா கூட்டக்கூடும் என்பதும் மறக்கற்பாலதன்று.

அளவு மீறியவிடத்து

அளவு மீறியோரிடத்து நெஞ்சுப் படபடப்பு, கடும் அச்சம், வாந்தி, தள்ளாட்டம், நேரம் நகராதது போன்ற உணர்வு, பொய்த்தோற்றம் ஆகியன தோன்றலாம். சுவாசத்தை ஆளும் மூளைத்தண்டிற் கஞ்சா வாங்கிகள் மிகக் குறைவாகவே உள. ஆதலின், அபின்வகைப் பொருள்களைப் போல வளர்ந்தோரின் மூச்சை நிறுத்திக் கொல்லும் இயல்பு ரி.எச்.சி.க்கு இல்லையென்றே கூறலாம். இதனை அறிதல் பாதிக்கப்பட்டவருக்குப் பெரும் ஆறுதலாகும். ‘சாகப்போகின்றேன்’ என்னும் அச்சமே அவரைப் பெரிதும் வருத்துவது.

வழக்கிற் பயன்படும் மாற்று மருந்து இதற்கில்லை. அமைதியான அறையில் அமர்த்தி அல்லது பக்கவாட்டிற் படுக்கவைத்து, சிறிது நீர் கொடுத்து, தனியே விடாது உடனிருத்தல் வேண்டும். மாடி முகப்பு, படிக்கட்டு, வீதி ஆகியவற்றிலிருந்து விலக்கிவைத்தல் வேண்டும். வாந்தியை வலிந்து உண்டாக்கலாகாது. நெஞ்சுநோ, வலிப்பு, எழுப்பவியலா உறக்கம், ஓயாத வாந்தி, தமக்கோ பிறர்க்கோ தீங்கு செய்யும் முனைவு ஆகியவற்றுள் எது தோன்றினும் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லல் வேண்டும். உண்டது இன்னதென்பதை மருத்துவரிடம் மறைத்தலாகாது. நாணத்தால் மறைக்கப்படும் ஒரு சொல் வேண்டாத பல பரிசோதனைகளுக்கும் தாமதத்துக்கும் காரணமாகும்.

சிறுவரும் முதியோரும்

இதுவரை கூறியது அறிந்து உண்போரைப் பற்றியதாகும். அறியாது உண்போரின் நிலை இதனினும் இரங்கத்தக்கது. ஐக்கிய அமெரிக்க நஞ்சுத் தகவல் நிலையங்களுக்கு அறிவிக்கப்பட்டவாறு, கஞ்சா உண்பண்டத்தை உண்ட ஆறு வயதுக்குட்பட்ட சிறுவர் 2017இல் 207 பேர். 2021இல் 3,054 பேர். மிட்டாயைப் போன்று தோன்றுவதைச் சிறுவர் மிட்டாயாகவே கொள்வர். ஒன்றோடு நிறுத்தவும் மாட்டார். வளர்ந்தோருக்கு மயக்கந் தரும் அளவு அவர்களை ஆழ்ந்த உணர்விழப்புக்கும் மூச்சுக் குன்றலுக்கும் உள்ளாக்கக்கூடும். சிறுவர் உண்டதாக ஐயுறின், அறிகுறி தோன்றும்வரை காத்திராது உடன் மருத்துவமனையை நாடவேண்டும். காத்திருத்தல் நன்று என மேலே கூறியது இங்குப் பொருந்தாது.

முதியோரைப் பொறுத்தவரையில், தமிழர் செறிந்து வாழும் ஒன்ராறியோ மாகாணத்தின் தரவுகள் கவனத்துக்குரியன. 65 வயதும் அதற்கு மேற்பட்டோருமாகிய நபர்களிற் கஞ்சா நஞ்சேற்றத்தால் அவசர சிகிச்சைப் பிரிவை அடைந்தோர் வீதம், ஓராண்டில் இலட்சத்துக்கு 5.8 என்ற நிலையிலிருந்து, கஞ்சா சட்டபூர்வமானபின் 15.4 ஆகவும், உண்பண்டங்கள் சந்தைக்கு வந்தபின் 21.1 ஆகவும் உயர்ந்தது. குளிர்ப்பெட்டியில் மகன் வைத்த சொக்கிலேற்றைத் தந்தை எடுத்துண்ணல் எவ்வீட்டிலும் நிகழக்கூடியதே. முதியவர் ஒருவர் திடீரெனக் குழறிப் பேசித் தள்ளாடுவாராயின் அது பாரிசவாதமென்றே வீட்டார் கலங்குவர். ஆகவே, இப்பண்டங்கள் உறையின்றி வைக்கப்படலாகாது. ஏனைய உணவோடு வைக்கப்படலாகாது. பூட்டிய பெட்டியில், பெயர் எழுதி வைக்கப்படல் வேண்டும். விருந்தினருக்குச் சொல்லாமற் கொடுத்தல் விளையாட்டன்று. அது நஞ்சூட்டலுக்கு ஒப்பாகும்.

முடிவுரை

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பது எம்மவர் பழமொழி. அளவு என்னும் சொல்லுக்கு நிறையென்று மட்டும் பொருள் கொண்டால், உண்ணப்படும் கஞ்சாவைப் பொறுத்தவரையில் இப்பழமொழி பாதி உண்மையையே உணர்த்தும். தமிழில் அளவு என்பது எல்லையையுங் குறிக்கும். ‘மாலையளவும் காத்திருந்தான்’ என்னும்போது அது காலத்தின் எல்லையாகின்றது. ஓஷோனசியின் நோயாளிக்கும் கொலறாடோ இளைஞருக்கும் இடர் விளைத்தது நிறையும் காலமும் சேர்ந்த அளவேயாகும். பொதியின் மீது எண் பொறித்தல் நிறையை அறியச் செய்யும். காலத்தையோ அவ்வெண் அறியச் செய்யாது. உண்பவரே மணிக்கூட்டைப் பார்த்துப் பொறுத்திருத்தல் வேண்டும். அப்பொறுமை இயலாதென உணர்பவர் இதனைத் தொடாதிருத்தலே நன்று.